பார்வையாளருக்கு இடமில்லாத முகாம்

இணையத்தில் பழகியவர்களை நேரில் சந்திக்கப் போவதாக வீட்டில் சொல்லிப் பாருங்கள். “யார் அவர்கள்? எப்படிப் பழக்கம்? எங்கே சந்திக்கப் போகிறாய்?” என்று கேள்விகள் அடுக்கடுக்காக வரும். பெற்றோரின் அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால், திரைவழி அறிமுகமானவர்கள் நேரில் கூடும் வழக்கத்தை நெதர்லாந்தின் கணினி ஆர்வலர்கள் 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்து வருகிறார்கள். அவர்கள் கூடும் விதம் கவனிக்கத்தக்கது.

தொடக்கம் 1989ல். ஆம்ஸ்டர்டாம் நகரின் பாரடைசோ இசை அரங்கில் அவர்கள் கூடினார்கள். 1993ல் சந்திப்பு ஃபிளேவோலாந்து மாநிலத்தின் ஒரு முகாம் திடலுக்கு மாறியது. இணையம் பெரும்பாலான வீடுகளை எட்டாத அந்தக் காலத்தில், கூடாரங்களுக்கிடையே கம்பி இழுத்துக் கணினிகளை இணைத்தார்கள்.

அதன்பின் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, வெவ்வேறு பெயர்களில் முகாம் தொடர்ந்தது. 2021ல் நடக்கவேண்டிய முகாம் கொவிட்-19 காரணமாக 2022 ஜூலைக்குத் தள்ளிப்போனது. ஸேவொல்ட என்ற ஊரில் உள்ள சாரணர் திடலில் நடந்த அதற்கு ‘ஹேக்கர்கள் இருக்கக்கூடும்’ என்று பொருள்படும் பெயர். ‘கடலை இருக்கக்கூடும்’ என்று உணவுப் பொட்டலங்களில் எச்சரிப்பார்களே, அதே பாணிக் கேலி!

ஹேக்கர் என்றதும் வங்கிக் கணக்கைத் திருடுபவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று பிரித்துப் பார்க்காமல் தூங்க முடியாதவர்களே இங்கு அதிகம். மின்னணுச் சாதனங்களைப் பற்றவைப்பது, வானொலி அலைகளை ஆராய்வது, பூட்டின் இயக்கத்தைப் புரிந்துகொள்வது என்று அவர்களின் பொழுதுபோக்குகள் பல.

இந்த முகாமின் முக்கிய விதி, யாரும் வெறும் பார்வையாளர் இல்லை என்பதே. சொற்பொழிவாளர், தொண்டூழியர், ஏற்பாட்டாளர் என அனைவரும் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். மின்சாரம், வலையமைப்பு, நுழைவாயில், குப்பை அகற்றுதல் எல்லாம் உறுப்பினர்களின் உழைப்பு. வெட்டவெளியில் வலையமைப்புக் கருவிகள் மழையில் நனையாமலிருக்க, கட்டுமானத் தளங்களில் பார்க்கும் நடமாடும் கழிவறைக் கூண்டுகளுக்குள் அவற்றை வைக்கிறார்கள். உங்கள் கூடாரத்திலிருந்து அந்தக் கூண்டுவரை கம்பி கொண்டுவருவது உங்கள் பொறுப்பு.

2017 முகாமில் கழுத்தில் அணியும் அடையாள வில்லைகூட மின்தாள் திரையும் வைஃபையும் கொண்ட ஒரு குட்டிக் கணினி. அதற்கான செயலிகளைப் பங்கேற்பாளர்களே எழுதினார்கள். பக்கத்துக் கூடாரத்துக்காரரிடம் பேச்சைத் தொடங்க வேறு சாக்கு எதற்கு?

இணையக் குழுக்களில் நம்மில் பலர் எப்படி இருக்கிறோம்? 200 பேர் கொண்ட குழுவில் பேசுவது பத்துப் பேர். மற்றவர்கள் படித்துவிட்டுக் கடந்துவிடுவோம். திரையில் யாருக்கும் அது தெரிவதில்லை. திடலில் தெரிந்துவிடும். கூச்ச சுபாவம் உள்ளவருக்கும் இந்த ஏற்பாடு உதவுகிறது. முன்பின் தெரியாதவரிடம் என்ன பேசுவது என்று தவிக்க வேண்டியதில்லை. கம்பியின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நீங்கள் பிடித்தால் போதும்.

பெற்றோரின் கேள்விகளுக்கும் இதில் விடை இருக்கிறது. சந்திப்பு திறந்தவெளியில், பலர் முன்னிலையில், தெளிவான வேலையோடு நடக்கிறது. தனியாக ஒருவரைத் தெரியாத இடத்தில் சந்திப்பதும் இதுவும் ஒன்றல்ல.

உங்கள் நிரலாக்கக் குழுவோ புகைப்படக் குழுவோ நேரில் கூட விரும்பினால், நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம். ஒரு சனிக்கிழமை, வட்டார நூலகம்போன்ற பொது இடம், வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. அந்தப் பட்டியலை முதலில் வீட்டில் காட்டுங்கள். “எங்கே, யாரோடு, எதற்கு” என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் அதிலேயே இருக்கும்.