ஒரு வோல்ட் கூடினால் வேப்பில் என்ன மாறுகிறது?

மாணவர்களே, பள்ளிப்பையில் கால்குலேட்டர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பிச்சுருளின் மின்தடை 2 ஓம். அதற்கு 3.3 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் எத்தனை வாட் வெப்பம் வெளிப்படும்? 5 வோல்ட் கொடுத்தால்? மின்னழுத்தத்தை அதே எண்ணால் ஒருமுறை பெருக்கி, வந்த விடையை மின்தடையால் வகுங்கள். முதல் விடை ஏறக்குறைய 5.4 வாட். இரண்டாவது விடை 12.5 வாட். மின்னழுத்தம் ஒன்றரை மடங்குதான் ஆனது. வெப்பமோ இரண்டேகால் மடங்கைத் தாண்டிவிட்டது.

வகுப்பில் இவற்றை வோல்தான், ரிந்தாங்ஙான், குவாசா என்று மலாய் மொழியில் படித்திருப்பீர்கள். பெயர் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். மின்திறன், மின்னழுத்தத்தின் இருபடிக்கு ஏற்ப உயர்கிறது.

இந்த எண்களை நான் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள வேப் கருவிகளில் இவை சாதாரணமாகக் காணப்படுபவை. "வோல்ட்டைக் கூட்டினால் சுவை கூடுமாம், உண்மையா சார்?" என்று படிவம் மூன்று மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான். தவறான பழக்கம், தொடாதே என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதற்குள் இயற்பியலும் வேதியியலும் கைகோத்து நிற்கின்றன.

முதலில் கருவிக்குள் பார்ப்போம். ஒரு லித்தியம் மின்கலம், ஒரு மின்சுற்று, ஒரு சிறிய கம்பிச்சுருள், அதனுள் பஞ்சுத் திரி, திரியை நனைக்கும் திரவம். அந்தத் திரவத்தில் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசராலும். அவற்றோடு சுவையூட்டிகளும், பெரும்பாலும் நிக்கோட்டினும் இருக்கும். சுருள் சூடாகி, திரவம் ஆவியாகி, குளிர்ந்த காற்றில் பட்டதும் மிக நுண்ணிய துளிகளாக உறைகிறது. வாயிலிருந்து வெளிவரும் வெண்புகை உண்மையில் புகையும் அல்ல, ஆவியும் அல்ல. கேமரன் மலையில் காலையில் பார்க்கும் மூடுபனியைப்போல அது துளிகளின் கூட்டம். ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறிய துளிகள் என்பதால் அவை நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைகள்வரை போய்ச் சேரும்.

தொடக்ககாலக் கருவிகளில் மின்னழுத்தத்தை மாற்றும் வசதி இல்லை. மின்கலம் தருவதை அப்படியே சுருள் வாங்கிக்கொள்ளும். முழுதாக மின்னேற்றிய லித்தியம் மின்கலம் 4.2 வோல்ட் தரும். தீரும் நிலையில் அது 3.3 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். நம் 2 ஓம் சுருளில் இது 8.8 வாட்டிலிருந்து 5.4 வாட்டுக்கு விழுவதற்குச் சமம். காலையில் ஒருவிதமாகவும் மாலையில் வேறுவிதமாகவும் இருந்ததற்குக் காரணம் இதுதான். இந்தக் குறையைப் போக்க, மின்கலத்தின் அழுத்தத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் நிலையாகத் தரும் மின்சுற்றுகளைச் சேர்த்தார்கள். பிறகு அந்த அளவைப் பயனரே மாற்றிக்கொள்ளப் பொத்தானோ திருகோ வைத்தார்கள்.

சரி, திருகினால் என்ன ஆகும்? குத்துவிளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் இருக்கும்வரை திரி கருகாது. எண்ணெய் தொடர்ந்து மேலேறி, வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகிவிடும். எண்ணெய் தீர்ந்ததும் திரியே எரியத் தொடங்கும். வேப் கருவியிலும் அதே நுண்துளை ஏற்றம்தான் நடக்கிறது. ஈரம் இருக்கும்வரை சுருளின் வெப்பநிலை திரவத்தின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். தண்ணீர் இருக்கும்வரை அடுப்பில் உள்ள பாத்திரம் 100 டிகிரியை அதிகம் தாண்டாது அல்லவா, அதுபோல. புரொப்பிலீன் கிளைக்காலின் கொதிநிலை 188 டிகிரி செல்சியஸ், கிளிசராலுடையது 290 டிகிரி. கலவையின் கொதிநிலை இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

இங்கேதான் சிக்கல். மின்னழுத்தத்தைக் கூட்டினால் வெப்பம் இருபடியாகப் பெருகுகிறது. ஆனால் திரி திரவத்தை உறிஞ்சும் வேகத்தை எந்தத் திருகும் கூட்டுவதில்லை. அதைத் தீர்மானிப்பவை பஞ்சின் அடர்த்தியும் திரவத்தின் பிசுபிசுப்பும். கிளிசரால் மிகுந்த திரவம் கெட்டியானது, மெதுவாகத்தான் ஏறும். ஒரு கட்டத்தில் ஆவியாகும் வேகம் ஊறும் வேகத்தை முந்திவிடுகிறது. சுருளின் ஒரு பகுதி காய்கிறது. காய்ந்த இடத்தில் வெப்பத்தை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. சுருளின் எடையோ ஒரு கிராமில் சிறு பகுதி. எனவே அந்த இடத்தின் வெப்பநிலை நொடிப்பொழுதில் எகிறும். பால் அடிப்பிடிப்பதைப்போலத்தான். பானை முழுக்கப் பால் இருந்தாலும் அடியில் ஓர் இடம் கருகினால் போதும், முழுப் பாலிலும் அந்த வாசம் ஏறிவிடும்.

அந்த மாணவனின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். குறைந்த மின்னழுத்தத்தில் திரவம் சரியாக ஆவியாகாது. புகை மெலிதாக, குளிர்ச்சியாக இருக்கும், சுவை மங்கும், சில வேளைகளில் திரவமே துளியாக வாய்க்கு வந்துவிடும். கூட்டினால் ஒவ்வோர் இழுப்பிலும் அதிகத் திரவம் ஆவியாகிறது. ஆகவே புகை அடர்த்தியாகவும் சூடாகவும் வருகிறது, தொண்டையில் உறுத்தலும் கூடுகிறது. சுவையும் முதலில் கூடத்தான் செய்யும். ஆனால் எல்லாச் சுவையும் ஒரே அளவில் கூடுவதில்லை. வாழைப்பழ வாசம் தரும் ஐசோஅமைல் அசிட்டேட் 142 டிகிரியிலேயே கொதித்துவிடும். வனிலா வாசம் தரும் வனிலின் கொதிக்க ஏறக்குறைய 285 டிகிரி வேண்டும். வெப்பம் மாறும்போது இவை ஆவியாகும் விகிதமும் மாறும். அதனால் ஒரே புட்டியிலுள்ள திரவம் வெவ்வேறு அமைப்பில் வெவ்வேறு சுவையாகத் தெரிகிறது. இன்னும் கூட்டினால் சுவை தட்டையாகி, கடைசியில் கருகல்தான் மிஞ்சும். (இந்தச் சுவையூட்டிகளில் பல உணவில் சேர்க்க ஏற்கப்பட்டவை. வயிற்றுக்கு ஏற்றது நுரையீரலுக்கும் ஏற்றது என்று பொருளல்ல. நாம் ரசத்தைக் குடிக்கிறோம், மூச்சில் இழுப்பதில்லை.)

இதுவரை சொன்னது இயற்பியல். நாக்குக்குத் தெரியாமல் நடப்பது வேதியியல்.

ஒரு கிளிசரால் மூலக்கூற்றில் 3 கார்பன், 8 ஹைட்ரஜன், 3 ஆக்ஸிஜன் அணுக்கள் உள்ளன. கடும் வெப்பத்தில் அது 2 நீர் மூலக்கூறுகளை இழக்கும். கழித்துப் பாருங்கள்: 3 கார்பன், 4 ஹைட்ரஜன், 1 ஆக்ஸிஜன் மிஞ்சும். அதுதான் அக்ரோலின். அது உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமானதுதான். பீசாங் கோரேங் பொரிக்கும் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்தால் கண்ணும் மூக்கும் எரியுமே, அந்த எரிச்சலுக்கு முக்கியக் காரணம் அது. எண்ணெயின் கொழுப்பிலிருந்து பிரியும் கிளிசரால்தான் அங்கும் அக்ரோலினாக மாறுகிறது. கிளிசராலும் புரொப்பிலீன் கிளைக்காலும் உடைந்து ஃபார்மால்டிஹைடும் உருவாகும். உயிரியல் ஆய்வகத்தில் தவளையையும் பாம்பையும் கெடாமல் வைத்திருக்கும் ஃபார்மலின், ஃபார்மால்டிஹைடு கரைந்த நீர்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

மின்னழுத்தத்துக்கும் இந்தப் பொருள்களுக்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். போலந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மின்னழுத்தத்தை 3.2 வோல்ட்டிலிருந்து 4.8 வோல்ட்டுக்கு உயர்த்தியபோது ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அசிட்டோன் ஆகியவற்றின் அளவு 4 மடங்கு முதல் 200 மடங்குக்கும் மேலாகக் கூடியது. மின்னழுத்தம் கூடியது ஒன்றரை மடங்கு மட்டுமே என்பதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கடிதம் வெளியிட்டார்கள். 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் சேர்மங்கள் எதுவும் தென்படவில்லை. 5 வோல்ட்டில் 10 இழுப்புகளுக்குச் சராசரியாக 380 மைக்ரோகிராம் கிடைத்தது. செய்தி உலகெங்கும் பரவியது.

உடனே எதிர்ப்பும் வந்தது. கிரேக்க ஆய்வாளர் கான்ஸ்டன்டினோஸ் ஃபர்சலினோஸ் தலைமையிலான குழு அனுபவமுள்ள பயனர்களைக் கொண்டு சோதித்தது. அவ்வளவு ஆல்டிஹைடு உருவாகும் நிலையில் திரி காய்ந்து, கசந்து, யாராலும் தொடர்ந்து இழுக்க முடியாது என்று அந்தக் குழு வாதிட்டது. ஆய்வக இயந்திரத்துக்கு நாக்கு இல்லை, அது கருகியதையும் இழுக்கும். ரொட்டியைக் கரியாகும்வரை வாட்டிவிட்டு, ரொட்டியே நஞ்சு என்று சொல்வதைப்போன்றது இது என்பது அவர்கள் தரப்பு.

யார் சொல்வது சரி? என் கருத்தில், இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. 5 வோல்ட்டில் கிடைத்த எண்ணை எல்லாப் பயனருக்கும் பொருத்த முடியாது. ஆனால் வாதம் முழுவதும் ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது: ஆபத்து தொடங்கும் இடத்தில் நாக்கு எச்சரித்துவிடும் என்ற நம்பிக்கை. வேதிவினை அப்படிக் கோடு போட்டுத் தொடங்குவதில்லை. வெப்பநிலை ஏற ஏற அதன் வேகம் மேலும் மேலும் கூடுகிறது, அவ்வளவுதான். நாக்கு கசப்பை உணர்வது அந்த ஏற்றத்தில் எங்கோ ஓரிடத்தில். சுவையூட்டி அதையும் தள்ளிப்போடலாம். இன்னொன்று, 3.3 வோல்ட்டில் "தென்படவில்லை" என்பதற்குக் கருவி கண்டறியக்கூடிய அளவுக்குக் கீழே என்று பொருள். அது பூஜ்யம் என்று பொருளல்ல. ஆய்வுச் செய்திகளைப் படிக்கும்போது இந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் சற்று நின்று படியுங்கள்.

இந்தச் சர்ச்சையில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மின்னழுத்தம் மட்டும் தெரிந்தால் எதுவும் தெரிந்ததாகாது. 3.7 வோல்ட்டை 2 ஓம் சுருளுக்குக் கொடுத்தால் 6.8 வாட். அதையே 0.5 ஓம் சுருளுக்குக் கொடுத்தால் 27 வாட்டுக்கும் மேல். நண்பன் "3.7 பாதுகாப்பு" என்று சொன்னால் அவன் பாதிக் கணக்கைத்தான் சொல்கிறான். 0.2 ஓம் சுருளானால் மின்னோட்டம் 18.5 ஆம்பியர். வீட்டுச் சுவர்ச் செருகியில் இருக்கும் உருகியின் அளவே 13 ஆம்பியர்தான்! கவலைப்படாதீர்கள், 230 வோல்ட்டில் ஓடும் 13 ஆம்பியரும் 3.7 வோல்ட்டில் ஓடும் 18.5 ஆம்பியரும் ஒன்றல்ல. மின்திறன் முதலாவதில் 2,990 வாட், இரண்டாவதில் 68 வாட். ஆனாலும் விரல் அளவு மின்கலத்திலிருந்து இவ்வளவு மின்னோட்டத்தை உறிஞ்சும்போது மின்கலமே சூடாகும். தாங்கும் அளவை மீறினால் லித்தியம் மின்கலம் தீப்பற்றவும் கூடும்.

இனி நிக்கோட்டின். புட்டியில் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். உடலுக்குள் போவது அந்த எண் அல்ல. பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மின்னழுத்தம், இழுக்கும் நேரம், திரவத்தின் செறிவு ஆகியவற்றை மாற்றி மாற்றி அளந்தார்கள். 15 இழுப்புகளில் வெளிவந்த நிக்கோட்டின் 50 மடங்குக்கும் மேல் வேறுபட்டது. "புகை நன்றாக வருகிறது" என்று ஒருவர் திருகைக் கூட்டும்போது, கேட்காமலேயே நிக்கோட்டின் அளவையும் கூட்டிக்கொள்கிறார். மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் உங்கள் வயதில் நிக்கோட்டினுக்கு அடிமையாவது எளிது. மலேசியாவில் 2024 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த 852ஆவது சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு இவற்றை விற்பதைத் தடை செய்கிறது. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதலே வாங்குவதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும்கூடக் குற்றம்.

"இப்போதைய கருவிகளில் திருகே இல்லையே" என்று கேட்கலாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகளில் திருகு இல்லாமல் இருக்கலாம், மின்திறன் இல்லாமல் இல்லை. அதைத் தொழிற்சாலையில் யாரோ முன்பே முடிவு செய்துவிட்டார், அவ்வளவுதான்.

விலை கூடிய சில கருவிகளில் வெப்பநிலைக் கட்டுப்பாடு உண்டு. அது செயல்படும் விதம் அழகானது. நிக்கல் கம்பியின் மின்தடை, வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் சுமார் 0.6 விழுக்காடு கூடும். 20 டிகிரியிலிருந்து 220 டிகிரிக்குப் போனால் மின்தடை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ஆகவே மின்தடையை அளந்தே வெப்பநிலையைக் கணிக்கலாம், தனி வெப்பமானி தேவையில்லை. அளவு மீறினால் மின்சுற்று தானாகவே மின்திறனைக் குறைத்துவிடும். பரவலாகப் பயன்படும் இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவைக் கம்பியில் இது பலிக்காது. சூடானாலும் அதன் மின்தடை ஏறக்குறைய மாறுவதே இல்லை.

நிக்கல் கம்பியிலும் கருவி அளப்பது முழுச் சுருளின் சராசரியைத்தான். ஒரு சுற்று மட்டும் காய்ந்து கொதித்துக்கொண்டிருக்க, மற்றச் சுற்றுகள் ஈரமாக இருந்தால், திரையில் தெரியும் வெப்பநிலை சரியாகவே இருக்கும்.