கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் அந்தத் தாள்

ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் படித்து, வரும் மார்ச்சில் பட்டம் வாங்கப்போகும் வெளிநாட்டு மாணவர்கள் ஏப்ரல் 1 அன்று வேலையில் சேர வேண்டுமானால், படிப்பு விசாவை வேலை விசாவாக மாற்றியாக வேண்டும். அதற்கான விண்ணப்பங்களைக் குடிவரவு அலுவலகங்கள் டிசம்பரிலிருந்தே வாங்கத் தொடங்கிவிடும். அதனால்தானோ என்னவோ, வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே குழப்பம்: 'கிஜின்கொக்கு' போடுவதா, '46' போடுவதா என்று நிறுவனம் கேட்கிறது, எது நல்லது? பலரும் இதை ஒரே வீட்டின் இரண்டு வாசல் என்று நினைக்கிறார்கள். உள்ளே போன பிறகு நடமாட்டம் இரண்டிலும் ஒன்றல்ல.

கிஜின்கொக்கு என்பது பொறியாளர், மானுடவியல் துறை வல்லுநர், பன்னாட்டுச் சேவையாளர் ஆகியோருக்கான விசாவை எல்லோரும் சுருக்கி அழைக்கும் பெயர். படித்ததற்கும் செய்யப்போகும் வேலைக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆனால் ஜப்பானியப் பெருநிறுவனங்கள் புதிய பட்டதாரியை எடுக்கும்போது பெரும்பாலும் 'இன்ன வேலை' என்று எடுப்பதில்லை, ஆளைத்தான் எடுக்கின்றன. முதலில் கடையிலோ ஆலையிலோ பயிற்சி, பிறகு விற்பனை, அப்புறம் எந்த ஊர், எந்தத் துறை என்பது நிறுவனத்தின் விருப்பம். வேலையை எழுதித் தா என்று சட்டம் கேட்கிறது; எழுதாமல் இருப்பதே நிறுவனங்களின் வழக்கம். உள்நாட்டில் வேலை பெறும் வெளிநாட்டு மாணவர்களின் விகிதத்தை 30 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2016-இல் இலக்கு வைத்த அரசு, இந்த முரணை அவிழ்த்தாக வேண்டியிருந்தது. நிறுவனங்களை எழுத வைத்திருக்கலாம். அதை விட்டு, எழுதாமலே ஆள் எடுக்க வசதியாக 2019 மே மாதம் 46-ஆம் எண் செயல்பாடு என்ற புதிய பிரிவைத் திறந்தது. ஜப்பானியப் பல்கலைக்கழகப் பட்டமும், மொழித்தேர்வில் உச்ச நிலையான என்1 தேர்ச்சியோ வணிக ஜப்பானியத் தேர்வில் 480 புள்ளியோ இருந்தால் போதும். உணவகத்தில் பரிமாறலாம், ஆலை வரிசையில் நின்று சக ஊழியர்களுக்கு உத்தரவுகளை மொழிபெயர்த்துச் சொல்லலாம். பாத்திரம் கழுவுவது மட்டுமே வேலை என்றால்தான் ஆகாது. 'திறமையாளர்களுக்கான வாய்ப்பு விரிவாக்கம்' என்பது அரசு இதற்குச் சொல்லும் விளக்கம்.

விரிந்தது யாருடைய வாய்ப்பு என்பதுதான் கேள்வி. 46-இல் வருபவரின் கடவுச்சீட்டில் 'ஷிதெய்ஷோ' என்ற ஒரு தாளை ஒட்டித் தருகிறார்கள். அதில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். அனுமதி அந்த நிறுவனத்தில் வேலை பார்ப்பதற்கு மட்டும். வேறு நிறுவனத்துக்கு மாறினால், அதுவும் இதே 46-இல் வந்தாலும், புதிதாக விசா மாற்ற விண்ணப்பம் போட்டு, அனுமதி வந்த பிறகே அங்கே வேலை தொடங்கலாம். கிஜின்கொக்கில் இருப்பவர் புதிய வேலையும் அதே பிரிவுக்குள் வந்தால், 14 நாளுக்குள் தகவல் தெரிவித்தால் போதும். இதன் மறுபக்கத்தையும் பாருங்கள்: அதே நிறுவனத்துக்குள் ஊரை மாற்றினாலும் துறையை மாற்றினாலும் விண்ணப்பமே தேவையில்லை. நிறுவனம் ஊழியரை எங்கும் நகர்த்தலாம், ஊழியர் நகர அரசின் அனுமதி வேண்டும். வேலையின் எல்லையைக் கட்டாமல் விட்டதற்கு ஈடாக, ஆளைக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

அனுமதி கிடைக்காமலா போய்விடும், வெறும் சம்பிரதாயம்தானே என்று சிலர் சொல்லக்கூடும். கிடைக்கலாம்தான். ஆனால் அதுவரை புதிய முதலாளி காத்திருக்க வேண்டும். பழைய முதலாளிக்கும் இது தெரியும். கூடுதல் நேர வேலையைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ பேச உட்காரும் மேசையில் அந்தத் தாளும் இருக்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து வேலையும் இடமும் எந்த எல்லை வரை மாறலாம் என்று எழுதித் தருவது சட்டப்படி கட்டாயமாகிவிட்டதே என்பது இன்னொரு வாதம். உண்மைதான். ஆனால் அந்தக் கட்டத்தில் 'நிறுவனம் தீர்மானிக்கும் பணிகள்' என்று ஒரே வரியில் நிரப்பினாலும் செல்லும். என்1 தேறிய பட்டதாரி, படிப்புக்குப் பொருந்தாத வேலையானாலும் பரவாயில்லை என்று விரும்பிச் சேர்ந்தால் என்ன தவறு என்று கேட்டால், தவறே இல்லை. அப்படிப்பட்டவருக்கு 46 நல்ல வழி. என் எதிர்ப்பு, கிஜின்கொக்கு கிடைக்கக்கூடியவரையும் நிறுவனங்கள் தங்கள் வசதிக்காக இந்தப் பக்கம் தள்ளுவதற்குத்தான். பல்கலைக்கழகப் பட்டதாரி விஷயத்தில் படிப்புக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைக் குடிவரவுத் துறை இளக்கமாகவே பார்க்கிறது. பயிற்சிக் காலத்தில் ஆலையில் நிற்பதும், ஜப்பானியருக்கும் அதே பயிற்சி என்றால், ஏற்கப்படுகிறது. ஆகவே என்ன வேலை என்று அரைப்பக்கம் எழுதித் தரச் சொல்லி நிறுவனத்திடம் இப்போதே கேளுங்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. இந்தியப் பட்டம் மட்டும் இருந்தால் 46 கிடைக்குமா? கிடைக்காது, ஜப்பானில் முதுகலை முடித்திருந்தால் கிடைக்கும். குடும்பத்தை அழைக்கலாமா? இரண்டிலும் மனைவி அல்லது கணவர், பிள்ளைகளுக்கு வழி உண்டு. டிசம்பரில் என்1 எழுதுகிறேன், நேரம் போதுமா? முடிவு ஜனவரி பிற்பகுதியில் வரும். மற்ற ஆவணங்களை அதற்குள் தயாராக வைத்திருங்கள். வேலை கிடைக்காமலே பட்டம் பெற்றால்? படிக்கும்போதே தேடியதற்கான சான்றும் பல்கலைக்கழகப் பரிந்துரைக் கடிதமும் இருந்தால் 6 மாதம், நீட்டித்தால் இன்னொரு 6 மாதம். அந்தக் கடிதத்தைப் பட்டமளிப்புக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.