கையெழுத்திடுமுன் ஒரு கணக்கு

ஈப்போ பட்டணத்துக்கு வெளியே உள்ள ஒரு தோட்டப் பள்ளியில் நான் ஆசிரியர். சென்ற ஆண்டு ஒரு நாள், பள்ளி விட்ட பிறகு, என் மாணவி ஒருத்தியின் தந்தை வகுப்பறை வாசலில் வந்து நின்றார். பால்மரம் வெட்டிய குடும்பம். தோட்டம் செம்பனைக்கு மாறி ஆட்கள் குறைந்தபோது ஈப்போவில் ஒரு தொழிற்சாலைக்குப் போனவர். அங்கே 12 ஆண்டு உழைப்பு.

"சார், ஆள் குறைக்கிறாங்களாம். இந்தக் கடிதத்துல என்ன இருக்குன்னு பாருங்க" என்றார்.

ஆங்கிலக் கடிதம். 'நானே விரும்பி வேலையிலிருந்து விலகுகிறேன்' என்றிருந்தது. அடியில் அவர் கையெழுத்து!

வேலை போவது ஈப்போவுக்குப் புதிதல்ல. 1980இல் நம் நாட்டில் 800க்கும் மேற்பட்ட ஈய லம்பங்களில் ஏறத்தாழ 39,000 பேர் வேலை செய்தார்கள். ஈப்போ, பத்து காஜா, கம்பார் எல்லாம் ஈயத்தால் செழித்த ஊர்கள். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்தின் பணம் தீர்ந்தது. லண்டன் சந்தையில் ஈய வியாபாரம் நின்றது. பிறகு விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. ஒவ்வொரு லம்பமாக மூடினார்கள். 1986இல் நாட்டின் வேலையின்மை 7 விழுக்காட்டைத் தாண்டியது.

பின்னர் அந்த விழுக்காடு இறங்கியது உண்மைதான். ஆனால் கிந்தாவின் பிள்ளைகள் பலர் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும், பினாங்கு பாயான் லெப்பாசுக்கும், சிங்கப்பூருக்கும் பெட்டி கட்டினார்கள். ஊரை விட்டுப் போனவன் ஊர்க் கணக்கில் வேலையற்றவன் அல்லன். வாரத்தில் ஒரு மணி நேரம் கூலி வேலை செய்தவனும் வேலை உள்ளவனாகவே எண்ணப்படுகிறான். ஆகவே பத்திரிகையில் விழுக்காடு குறைந்தது என்று படித்தால் மட்டும் போதாது. நம் லயத்தில் எத்தனை வீட்டில் பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

கோவிட் காலத்தில், 2020 மே மாதம், வேலையின்மை மீண்டும் 5.3 விழுக்காட்டுக்கு ஏறியது. ஆனால் அப்போது, 1985இல் இல்லாத ஒரு துணை தொழிலாளிக்கு இருந்தது. 2018 முதல் பெர்கேசோ நடத்தும் வேலைக் காப்புறுதித் திட்டம் அது. வேலை இழந்தவர் 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். பிறகு படிப்படியாகக் குறையும். ஆனால் தாமாக விலகியவருக்கு அது கிடையாது.

ஆள் குறைப்பு நட்டஈடும் அப்படியே. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேற்படாதவருக்கு, ஓராண்டு முடிந்து இரண்டு ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். வேலை முடிந்த 7 நாளுக்குள் முதலாளி இதைக் கொடுத்தாக வேண்டும்.

கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். 12 ஆண்டு, 20 நாள்: 240 நாள் சம்பளம். அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு கையெழுத்துக்கா சார்?" என்றார்.

கட்டாயத்தால் கையெழுத்திட்டவரும் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிடலாம். மறுநாளே அவரை அனுப்பிவைத்தேன். வழக்கு இன்னும் முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அதே தொழிற்சாலையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அம்மா வந்தார். அவர் கையிலும் அதே கடிதம். கையெழுத்து இல்லை. "அண்ணன் சொன்னாரு, முதல்ல சாரைப் பாருன்னு" என்றார்.

பெற்றோர்களே, சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். புரியாத கடிதம் எதிலும் அந்த இடத்திலேயே கையெழுத்திடாதீர்கள். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். தொழிற்சங்கத் தலைவரிடமோ, தோட்டப் பள்ளி ஆசிரியரிடமோ காட்டுங்கள். வேலை போவதைச் சில நேரம் நம்மால் தடுக்க முடியாது. உழைத்த ஆண்டுகளின் கூலியை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள்.