‘மொக்கை’ என்றால் போதுமா? வத்தலக்குண்டு சி.சு.செல்லப்பாவின் விமர்சன வழி!

முதல் நாள், முதல் காட்சி. தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டினால் “மரண மொக்கை ப்ரோ”, “காசு வேஸ்ட்” என்று இரண்டே வார்த்தையில் தீர்ப்பு வந்துவிடுகிறது. இந்தத் தீர்ப்புகளுக்கு அஞ்சித்தான் 2024 இறுதியில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். படம் வெளியான முதல் 3 நாள்களுக்கு விமர்சனமே கூடாது என்பது கோரிக்கை. கருத்துச் சுதந்திரத்தைச் சுட்டிக்காட்டிய நீதிமன்றம், இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது.

பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால், எப்படிச் சொல்வது? இதற்காகவே ஒரு பத்திரிகை நடத்தி, கையைச் சுட்டுக்கொண்டவர் திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்.

திண்டுக்கல்லில் இருந்து கொடைக்கானலுக்கு பஸ் ஏறினால், மலை ஏறும் முன்பு வருகிற ஊர் வத்தலக்குண்டு. தமிழின் ஆரம்பகால நாவல்களில் ஒன்றான ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி.ஆர்.ராஜமய்யர், ‘மணிக்கொடி’ பி.எஸ்.ராமையா இருவருக்கும் இதுதான் ஊர். சி.சு.செல்லப்பா 1912-ல் பிறந்தது சின்னமனூரில். ஆனால், வளர்ந்தது வத்தலக்குண்டில்.

1959 ஜனவரியில் சென்னையில் இருந்து அவர் தொடங்கிய இதழ் ‘எழுத்து’. தொடர்கதையும் துணுக்கும் பத்திரிகைகளை ஆண்டுகொண்டிருந்த காலத்தில், விமர்சனத்தை முன்னால் வைத்து ஒரு பத்திரிகை! கூட்டம் சேரவில்லை. 1970-ல் நிற்கும்வரை வந்தவை 119 இதழ்கள். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் அவர்.

அவருடைய கருத்துகள் கறாரானவை. நண்பர், பெரிய பெயர் என்ற தாட்சண்யம் கிடையாது. ஆனால், ஒரு கதை தோற்றுவிட்டது என்றால் அது எந்த இடத்தில் சறுக்கியது, எந்த வாக்கியம் கதையைக் கெடுத்தது என்று பிரதியைப் பிரித்துக் காட்டுவார். ‘அலசல் விமர்சனம்’ என்று அதற்குப் பெயர். சில நேரம் ஒரு சிறுகதைக்கு, அந்தக் கதையைவிட நீளமாகவே அலசல் இருக்கும். படிக்கப் பொறுமை வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதில் அவருக்கும் க.நா.சுப்ரமண்யத்துக்கும் ஒத்துப்போகவில்லை. க.நா.சு.வும் லேசுப்பட்டவர் அல்ல. தனக்குத் தேறியவர்களைப் பட்டியல் போட்டுவிட்டு, மற்றவர்களைக் கண்டுகொள்ளாமல் போய்விடுவார். பட்டியலில் பெயர் இல்லாததே பெரிய அடி. நல்ல வாசகனின் ரசனைதான் முக்கியம், ஒவ்வொன்றுக்கும் காரணம் அடுக்கத் தேவையில்லை என்பது அவர் கட்சி. ‘எழுத்து’ இதழில் எழுதியவர், 1963-ல் ‘இலக்கிய வட்டம்’ என்று தனி இதழே தொடங்கினார்.

யார் சொன்னது சரி? க.நா.சு. முறை வேகமானது, துணிச்சலானது. ஆனால், அவரைப் போல உலக இலக்கியம் முழுக்கப் படித்தவருக்குத்தான் அது பொருந்தும். நம் கையில் கிடைத்தால் அது ‘மொக்கை ப்ரோ’வில்தான் வந்து நிற்கிறது. அடி வாங்கும் எழுத்தாளருக்கும் இயக்குநருக்கும் செல்லப்பா வழியில்தான் பதில் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. “இந்தக் காட்சியில் தவறு” என்றால் விவாதிக்கலாம். “வேஸ்ட்” என்றால் என்ன பேசுவது?

பாராட்டுக்கும் செல்லப்பா இதே அளவுகோலைத்தான் வைத்தார். சொந்த ஊர்க்காரரான பி.எஸ்.ராமையாவின் கதைகள் ஏன் நல்ல கதைகள் என்று நிறுவ, ‘ராமையாவின் சிறுகதைப் பாணி’ என்று ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

1998-ல் அவர் மறைந்தார். ‘சுதந்திர தாகம்’ நாவலுக்காக 2001-ல் சாகித்ய அகாடமி விருது வந்தபோது வாங்க அவர் இல்லை. ஜல்லிக்கட்டை வைத்து அவர் எழுதிய ‘வாடிவாசல்’ குறுநாவல் இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறது. அதைத் தழுவி வெற்றிமாறன் இயக்க, சூர்யா நடிக்கும் படமும் அறிவிக்கப்பட்டது. அது திரைக்கு வரும் நாளில், திண்டுக்கல் தியேட்டர் வாசல்களிலும் மைக்குகள் நீளும்.