கண்ணை அசைத்துவிட்டால் என்ன ஆகும்?

லேசிக் என்ற லேசர் கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. டீ ஆறுவதற்குள் நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

முதலில் ஒரு விஷயம்: அசையாத கண் யாருக்கும் கிடையாது. ஒரு புள்ளியையே உற்றுப் பார்த்தாலும் கண் நொடிக்கு ஓரிரு முறை நுணுக்கமாகத் துள்ளும், நடுவில் மெல்ல நகரும். இது கோளாறு அல்ல. கண்ணோடு சேர்ந்தே நகரும் ஒரு படத்தைக் காட்டி, அது விழித்திரையில் ஒரே இடத்தில் விழும்படி ஆய்வகங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். சில நொடிகளில் அந்தப் படம் மங்கி மறைந்துவிடுகிறது. பார்வை நிலைக்கவே கண் அசைந்தாக வேண்டும். அசையும் கண்ணை வைத்துத்தான் இந்த லேசர் கருவிகளையும் வடிவமைத்திருக்கிறார்கள்.

லேசர் கருவிழியைச் செதுக்கும் அளவைக் கேட்டால் கவனம் எதற்கு என்று புரியும். கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான தடிமன்தான். மைனஸ் 3 பவருக்கு, 6 மில்லிமீட்டர் அகல வட்டத்தின் நடுவில் ஏறத்தாழ 36 மைக்ரான் ஆழம் எடுக்க வேண்டும். இதற்குப் பயன்படும் எக்ஸைமர் லேசரின் ஒரு துடிப்பு எடுப்பது சுமார் கால் மைக்ரான். இந்த லேசர் சுற்றியுள்ள திசுவைக் கருக்காமல் செதுக்கும் என்று 1981-ல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டறிந்த மூவரில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன்.

சொட்டு மருந்து கண்ணை மரத்துப்போகச் செய்யும், அசைவை நிறுத்தாது. இமைகளை ஒரு கிளிப் விலக்கிப் பிடித்திருப்பதால் கண் சிமிட்டிவிடுவோமோ என்ற கவலை வேண்டாம். கருவிழியின் மேல் மெல்லிய மூடியை வெட்டும்போது, உறிஞ்சு வளையம் ஒன்று கண்ணைப் பற்றிக்கொள்ளும். அழுத்தம் தெரியும், பார்வை மங்கும் அல்லது இருண்டுபோகும். பிடியைத் தளர்த்தியதும் பார்வை திரும்பிவிடும். பிடி விட்டுப்போனால் கருவி வெட்டுவதை நிறுத்திவிடும்.

அடுத்து, பவரைச் சரிசெய்யும் கட்டம். இங்கே கண்ணை யாரும் பிடிப்பதில்லை. அகச்சிவப்புக் கேமரா உங்கள் கண்மணி இருக்கும் இடத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை, சில கருவிகளில் ஆயிரம் முறைக்கு மேல், பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஓடும் பேருந்தில் ஏறுபவர் அதோடு சேர்ந்து ஓடுவதைப் போல, கண் நகர்ந்த பக்கமே லேசர் கதிரும் நகர்கிறது. கண் எல்லையைத் தாண்டிப் போனால் லேசர் தானே நின்று, கண் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். டாக்டர் மிதியிலிருந்து காலை எடுத்தாலும் நின்றுவிடும்.

சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. உட்கார்ந்திருந்தவர் படுத்ததும் கண் தன் அச்சிலேயே சில டிகிரி சுழலக்கூடும். 4 டிகிரி பிசகினாலே சிலிண்டர் திருத்தத்தில் ஏறத்தாழ 14 சதவீதம் வீணாகும். அதனால்தான் முன்கூட்டியே எடுத்த படத்தில் உள்ள கண்மணியைச் சுற்றிய ரேகைகளோடு ஒப்பிட்டோ, உட்கார்ந்த நிலையில் மையால் குறியிட்டோ சரிபார்க்கிறார்கள். உங்களுக்குச் சிலிண்டர் பவர் இருந்தால், இதை எப்படிச் செய்வார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

ஸ்மைல் என்ற இன்னொரு லேசர் முறை கொஞ்சம் வேறு. அதில் பெரும்பாலும் கண்ணைப் பின்தொடரும் கேமரா இருக்காது. உறிஞ்சிப் பிடிக்கும் வளைந்த கண்ணாடிதான் அரை நிமிட அளவு கண்ணை நிறுத்துகிறது. அங்கே, பார்க்கச் சொல்லும் ஒளியையே பார்ப்பது இன்னும் முக்கியம்.

ஆக, உங்கள் பங்கு சிறியது. மினுக்கும் ஒளியைப் பாருங்கள். அது கலங்கித் தெரிந்தால், அது இருக்கும் திசையைப் பாருங்கள். இமையை இறுக்காதீர்கள், தலையைத் திருப்பாதீர்கள், பேச்சுக்குப் பதிலாகத் தலையாட்டாதீர்கள். முடி கருகிய மாதிரி வாடை வந்தால் பயந்து துள்ள வேண்டாம்; எதுவும் எரியவில்லை. அன்று இருமலோ தும்மலோ இருந்தால் மறைக்காமல் முன்பே சொல்லிவிடுங்கள். அறுவை சிகிச்சையை ஒரு வாரம் தள்ளிவைத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.