விண்டோஸா, மேக்கா, லினக்ஸா? வேலையைப் பார்த்து ஓட்டு போடுங்கள்!

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் ஒரு தகுதிப் பட்டியல் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஊர்ச்சபை வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆள் எடுப்பதற்காக வெட்டியது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்கு காட்டாதவரா? அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் அவுட். இத்தனை வடிகட்டலுக்குப் பிறகுதான் குடத்துக்குள் பெயரே போகும். (919-ல் போட்ட வயது விதி 30 முதல் 60 வரை, 921-ல் மாற்றிவிட்டார்கள். இரண்டே வருஷத்தில் அப்டேட்!)

இன்று அதே ஊரில், நண்பர்களிடம் ‘லேப்டாப் வாங்கணும்’ என்று சொல்லிப் பாருங்கள். “மேக் வாங்கு மச்சி, லைஃப் செட்டில்” என்பார் ஒருவர். “விண்டோஸ் தவிர எதுவும் வேலைக்கு ஆகாது” என்பார் இன்னொருவர். “லினக்ஸ் போடு, வைரஸே வராது” என்று மூன்றாவது குரல் வரும். தகுதிப் பட்டியல் யாரிடமும் இருக்காது. அஜித் - விஜய் ரசிகர் சண்டை மாதிரிதான். ஆனால் இங்கே போவது உங்கள் சம்பளம், இ.எம்.ஐ. கட்டப்போவதும் நீங்கள்தான்.

முதலில் சாஃப்ட்வேர், அப்புறம் பெட்டி

எந்த சாஃப்ட்வேர் இல்லாமல் உங்கள் வேலை நடக்காது? அதை எழுதிக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுபவருக்கு டேலி வேண்டும். டேலி பிரைம் நேரடியாக ஓடுவது விண்டோஸில்தான். மற்றவற்றில் ஓட்டச் சுற்றுவழிகள் உண்டு. மார்ச் கடைசியில் அதோடு மல்லுக்கட்ட யாருக்கும் நேரம் இருக்காது. ஒரகடம் பக்கம் டிசைன் வேலைக்குப் போகிறவருக்கு சாலிட்வொர்க்ஸ் தேவை என்றால், அதுவும் விண்டோஸ்தான். ஆட்டோகேட் மேக்கிலும் கிடைக்கிறது, லினக்ஸுக்கு இல்லை. ஐபோன் ஆப் எழுதப்போகிறீர்களா? அதற்கான எக்ஸ்கோட் மேக்கில் மட்டும்தான் ஓடும்.

பைத்தான், ஜாவா, வெப் டெவலப்மென்ட் என்றால் மூன்றுமே ஓகே. விலையையும் ரிப்பேர் வசதியையும் பார்த்து முடிவெடுக்கலாம்.

கட்டிப்போடுவது பழைய ஃபைல்கள்

தமிழ் டைப்பிங்கில் இப்போது பெரிய வித்தியாசம் இல்லை. தமிழ்99 கீபோர்டு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் உண்டு. சிக்கல் பழைய ஃபைல்களில். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் ஒரு டி.டி.பி. கடையை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்காகச் சேர்ந்த ஃபைல்கள் பேஜ்மேக்கரிலும், வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலும் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் வராது, கோழிக் கிறுக்கல்தான் வரும். கடைக்காரர் விண்டோஸை விடாததற்குக் காரணம் பாசம் இல்லை, இந்த மூட்டைதான்.

தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்துவிட்டது. யூனிகோடில் எழுதியது எந்த ஓ.எஸ்.ஸிலும் திறக்கும். ஆகவே, புது லேப்டாப்புக்கு முன்னால் பழைய ஃபைல்களைக் கன்வெர்ட் செய்வதுதான் முதல் வேலை. அதை முடித்தவருக்கு அடுத்த முறை எந்தக் கம்பெனிக்கும் தலையாட்ட வேண்டியதில்லை.

அரசும் மாறிப் பார்த்தது

சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட்டின் மேலாண் இயக்குநராக இருந்தபோது, அந்த நிறுவனத்தின் கணினிகள் லினக்ஸுக்கு மாறின. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு லினக்ஸும் சேர்ந்தே வந்தது. ஆன் செய்ததும் ‘எது வேண்டும்?’ என்று கேட்கும் அந்த மெனு பலருக்கு ஞாபகம் இருக்கும். 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸுக்கு மாறும்படி அரசுத் துறைகளுக்குத் தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது.

அதே நிலைமை இப்போது வீடுகளுக்கு வந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். இல்லாத லேப்டாப்பைத் தூக்கிப்போடும் முன், ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை வருகிறதா, பிரிண்டர் அடிக்கிறதா என்று ஒரே மாலையில் தெரிந்துவிடும். தடுமாறினால் கேட்பதற்குக் காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். இ-சேவை மாதிரி கைரேகைக் கருவியோடு வேலை செய்பவர்கள் மட்டும், அந்தக் கருவிக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

கெட்டுப்போனால் எங்கே ஓடுவது?

சென்னையிலிருந்து உத்திரமேரூர் சுமார் 90 கிலோமீட்டர். கீபோர்டில் டீ கொட்டிய அன்றுதான் அந்த தூரம் உறைக்கும். சாதாரண விண்டோஸ் லேப்டாப்புக்கு காஞ்சிபுரத்திலோ செங்கல்பட்டிலோ ஆள் கிடைப்பார். பல மாடல்களில் ரேம், எஸ்.எஸ்.டி. மாற்றி இன்னும் சில வருஷம் ஓட்டலாம். இப்போதைய மேக்புக்குகளில் ரேமைப் பிறகு கூட்ட முடியாது. வாங்கும்போது எடுத்ததுதான் கடைசி வரை. மறுபக்கம், ஆப்பிள் சிப் வந்த மேக்புக் ஏரின் பேட்டரி நீண்ட நேரம் தாங்கும். மத்தியானம் கரன்ட் போகும் ஊரில் இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல முடியாது.

செகண்ட் ஹேண்டில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பளபளவென்று, மலிவாக ஒரு மேக்புக் கிடைக்கும். உள்ளே இன்டெல் சிப் இருக்கும். ஆப்பிள் 2020-லேயே இன்டெல்லை விட்டு விலகத் தொடங்கிவிட்டது. இன்டெல் மேக்குகளுக்கான கடைசி ஓ.எஸ். ‘டஹோ’ என்றும் அறிவித்துவிட்டது. அதுவும் சில மாடல்களுக்குத்தான். குரோம்புக் வாங்குவதாக இருந்தால், 2021-க்குப் பிறகு வந்த மாடல்களுக்கு 10 வருஷம் அப்டேட் தருவதாக கூகுள் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு மாடல் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. செட்டிங்ஸில் அப்டேட் முடியும் தேதி இருக்கும். காசு கொடுக்கும் முன், கடையிலேயே அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.