விரல் வெளுத்தால் வாதம் என்று விட்டுவிடாதீர்கள்

விடியுமுன் பால் வெட்டப் போகும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த காலையில் விரல்கள் வெளுத்து, நீலமாகி, வெயில் வந்ததும் சிவக்கின்றன. கை வீங்கி மோதிரம் கழற்ற முடியவில்லை. தலைக்குமேல் கையைத் தூக்கினால் தோள் சோர்கிறது. வீட்டில் "வாத உடம்பு" என்று தைலம் தேய்க்கிறார்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்குவதால் வரும் நோய்கள் பல. மூட்டு, தோல், சிறுநீரகத்தைத் தாக்கும் லூபஸ், தோலை இறுக்கும் ஸ்கிளிரோடெர்மா, தசை அழற்சி ஆகியவை அவற்றில் சில. சிக்கல் என்னவென்றால், இவை ஒரே ஆளிடம் கலந்தும் வரும். 1972இல் அமெரிக்க மருத்துவர் கோர்டன் ஷார்ப்பும் அவருடைய குழுவினரும் 25 நோயாளிகளை ஆராய்ந்து இப்படிப்பட்ட ஒரு கலப்பு நோயை விவரித்தார்கள். இதற்கு அடையாளம் இரத்தத்தில் அதிக அளவில் இருக்கும் 'யு1 ஆர்என்பி' எதிர்ப்பொருள். முதலில் சாதுவான நோய் என்றே எண்ணினார்கள். நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடி உயிரையே பறிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் மூச்சு வாங்குவதை மருத்துவரிடம் சொல்லாமல் விடக்கூடாது.

'ஏஎன்ஏ' சோதனை பாசிட்டிவ் என்றதும் பலர் பயந்துவிடுகிறார்கள். 1:80 அளவில் நலமாக இருப்பவர்களிலும் ஏறக்குறைய 13 விழுக்காட்டினருக்கு அது பாசிட்டிவாக வரும். அந்தத் தாள் மட்டும் நோயைச் சொல்லாது. 2019இல் வந்த லூபஸ் விதிமுறையில் ஏஎன்ஏ வெறும் நுழைவாயில்தான். அறிகுறிகளுக்குத் தனித்தனிப் புள்ளி கொடுத்து 10 வந்தால் லூபஸ் என்று வகைப்படுத்துவார்கள். ஆனால் அது ஆய்வுக்கு ஒரே மாதிரி நோயாளிகளைத் திரட்டப் போட்ட கணக்கு. 8 புள்ளி வந்தவருக்கும் நோய் இருக்கலாம், சிகிச்சையும் தேவைப்படலாம். எந்தப் பெயரிலும் அடங்காமல் சில ஆண்டுகள் இருந்து, பிறகு முகம் காட்டும் நோயும் உண்டு. "இன்னும் பெயர் சொல்ல முடியாது" என்று மருத்துவர் சொன்னால் அவருக்குத் தெரியவில்லை என்று பொருளல்ல. சொன்ன தேதியில் மறுபடி போக வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் பக்கத்து அரசு கிளினிக்குக்குப் போங்கள். அங்கே 1 ரிங்கிட்தான் கட்டணம். விரல் நிறம் மாறும்போது கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கிளினிக் போகும் நேரத்தில் கை சாதாரணமாகத்தான் இருக்கும்! சிறுநீர்ச் சோதனையையும் கேளுங்கள், ஏனென்றால் சிறுநீரகப் பாதிப்பு வலியில்லாமல் வரும். சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையில் இந்நோய்களுக்கென்றே நிபுணர்கள் இருக்கிறார்கள். கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. மூட்டு வலிக்கு விற்கும் சில ஜாமு, மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். சாப்பிட்டதும் வலி பறந்துவிடும், ஆனால் நோயின் அடையாளமும் மறைந்துவிடும். அப்படி ஏதாவது சாப்பிட்டு வந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாகவே திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.